எடைக் குறைப்பு வணிகத்தின் வரலாறு: கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டா?

கட்டணம் வாங்கிக்கொண்டு உடல் எடையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் திட்டங்களையும் மையங்களையும் பொருட்களையும் சேர்த்து எடைக் குறைப்பு வணிகம் எனலாம். வாரக் கூட்டம், உணவுப் பட்டியல், பொட்டலத்தில் வரும் மாவு, வியர்க்க வைக்கும் இடுப்புப் பட்டை, குளிரூட்டும் இயந்திரம், கைபேசிச் செயலி, ஊசி மருந்து ஆகிய எல்லாமே இதில் அடங்கும். இவ்வணிகத்துக்கு ஏறத்தாழ 160 ஆண்டு வரலாறு உண்டு. பணம் கட்டலாமா வேண்டாமா என்று இன்று தயங்குபவருக்கு வேண்டிய விடையில் பெரும்பகுதி அந்த வரலாற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

சாயல்குடி போன்ற ஊர்களுக்கு இது புதிய பொருள். இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இப்பகுதி பனையும் கருவேலும் முண்டு மிளகாயும் விளையும் வானம் பார்த்த பூமி. இரண்டு தலைமுறைக்கு முன்பு கேப்பைக் கூழும் குதிரைவாலிச் சோறும் உண்டு பனையேறியவர்களுக்கும், மூக்கையூர்க் கடற்கரையில் வலை இழுத்தவர்களுக்கும் எடை குறைப்பது ஒரு கவலையாக இருந்ததில்லை. மழை பொய்த்த ஆண்டில் எடை தானாகவே குறைந்தது. அன்று சதைப்பிடிப்பு என்றால் வசதி என்று பொருள். பிள்ளையைப் பெண் கேட்டு வருபவர்கள் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போன காலம் அது.

ஆனாலும் பருமனைப் பற்றிய அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. "கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு" என்ற பழமொழியை எந்தப் பாட்டியும் பணம் வாங்கிக்கொண்டு சொல்லவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, முன்பு உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. புரதமும் நாரும் உள்ள பயறு என்பதால் வயிறு நிறையும், சோறு குறையும். பழமொழிக்கு அந்த அளவு பெருமை போதும்.

சவப்பெட்டிக்காரர் எழுதிய கடிதம்

இவ்வணிகத்தின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு வணிகரே. ஆனால் அவர் விற்றது எடைக் குறைப்பை அல்ல. லண்டன் நகரில் இறுதிச் சடங்கு நடத்தும் தொழில் செய்தவர் வில்லியம் பேண்டிங். அரச குடும்பத்துச் சடங்குகளைக் கவனித்த நிறுவனம் அவருடையது. ஐந்தடி ஐந்தங்குல உயரமும் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடையும் கொண்ட அவரால் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட முடியவில்லை. படகு வலித்தார், பசி கூடியது. நீராவிக் குளியலும் எடுத்துப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

1862ல் காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் சென்றார். அவர் காதை விட்டுவிட்டு வயிற்றைக் கவனித்தார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் பேண்டிங் 1863ல் "உடல் பருமன் பற்றிய கடிதம்" என்ற சிறு நூலை அச்சிட்டு முதலில் இலவசமாகவே கொடுத்தார். கேட்பவர் பெருகியதால் பின்னர் வந்த பதிப்பை விலைக்கு விற்று, கிடைத்த இலாபத்தை அறச்செயல்களுக்கு வழங்கினார். அவருடைய பெயரே உணவுக் கட்டுப்பாட்டுக்கு வினைச்சொல் ஆயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் 'பான்டா' என்றால் இன்றைக்கும் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துதல் என்றே பொருள்.

எடைக் குறைப்பு அறிவுரையைப் பரவலாக்கிய முதல் மனிதர் அதில் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அப்படி இல்லை.

மாத்திரைகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்டுத் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த மாத்திரைகள் பருமனுக்கு மருந்தாக விற்கப்பட்டன. எடை குறைந்தது உண்மை, கூடவே நெஞ்சு படபடத்தது. 1933ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாக எழுதினார்கள். வெடிபொருள் தொழிற்சாலையில் பயன்பட்ட பொருள் அது. ஓராண்டுக்குள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு அதை உட்கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. உடல் உள்ளேயே கொதித்துச் சிலர் இறந்தனர், பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1938ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகே அது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் பசியை அடக்க ஆம்ஃபெட்டமின் வந்தது. ஃபென்ஃபுளுரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997ல் திரும்பப் பெறப்பட்டது. இதயத்துக்கும் மூளையின் இரத்தக் குழாய்க்கும் ஆபத்து என்று தெரியவந்த சிபுட்ரமின் மருந்தை இந்திய அரசு 2011ல் தடை செய்தது.

இந்த வரிசை நீளமானது, ஆனால் கதை ஒன்றுதான். ஒரு பொருள் வரும், படங்களோடு விளம்பரம் வரும், சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் மறையும். இணையத்தில் 'முற்றிலும் மூலிகை' என்று விற்கப்படும் பொடிகளில் சிபுட்ரமின் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு டாலர் கூட்டம்

இன்று நாம் காணும் 'திட்டம்' என்ற வடிவத்தை உருவாக்கியவர் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த இல்லத்தரசி ஜீன் நிடெட்ச். 1961ல் அவருடைய எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. அவர் போனது தனியார் மையத்துக்கு அல்ல. நியூயார்க் நகராட்சி சுகாதாரத் துறையின் உடல் பருமன் மருத்துவமனையில் ஓர் உணவுப் பட்டியலை வாங்கி வந்தார். ஆனால் தனியாக அதைப் பின்பற்ற முடியவில்லை. பிஸ்கட் தின்றதை யாரிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பருமனான தோழிகள் சிலரை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். வாரந்தோறும் கூடினார்கள், எடை பார்த்தார்கள், கூட்டம் பெருகியது. 1962 அக்டோபரில் அவர் 142 பவுண்டுக்கு வந்தார். 1963 மே மாதம் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமானது. கூட்டக் கட்டணம் இரண்டு டாலர், அன்று அது ஒரு சினிமா டிக்கெட் விலை. 1978ல் கெட்சப் தயாரிக்கும் ஹெய்ன்ஸ் நிறுவனம் இதை விலைக்கு வாங்கியது.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். உணவுப் பட்டியல் அரசாங்கத்துடையது, இலவசம். நிடெட்ச் கூட்டிச் சேர்த்தது மூன்றே மூன்று: வாரத்தில் ஒரு நாள் தராசில் ஏறும் கட்டாயம், அதை எழுதி வைக்கும் நோட்டு, நம்மைப் போன்ற நாலு பேர். அந்த நாலு பேருக்குத்தான் இரண்டு டாலர். இன்றைய செயலிகள் வரை எல்லாத் திட்டங்களும் இதே சரக்கைத்தான் வேறு வேறு உறையில் விற்கின்றன என்பது என் கருத்து.

அடுத்து வந்தவர்கள் உணவையே பொட்டலம் கட்டினார்கள். நியூட்ரிசிஸ்டம் 1972லும் ஜென்னி கிரெய்க் 1983லும் தொடங்கின. ஜென்னி கிரெய்க் பிறந்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். 1980ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மார்க் ஹியூஸ் தொடங்கிய ஹெர்பலைஃப், கடை வைக்காமல் ஆள் மூலம் ஆளுக்கு விற்கும் முறையைக் கைக்கொண்டது.

சோதித்துப் பார்த்தவர்கள்

எடை குறைக்கும் சிகிச்சை எவ்வளவு பலன் தருகிறது என்று முதலில் முகத்தில் அறைந்தாற்போல் சொன்னவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு. 1959ல் தம் சக ஆய்வாளரோடு அவர் வெளியிட்ட கட்டுரையில், நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 100 பேரின் கணக்கு இருந்தது. 20 பவுண்டு (9 கிலோ) குறைத்தவர்கள் 12 பேர். இரண்டு ஆண்டுக்குப் பின்னும் அந்த எடையைக் காத்தவர்கள் இரண்டு பேர்.

வணிகத் திட்டங்களை இப்படிச் சோதிக்க நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை. நிறுவனங்களுக்கு அவசியமும் இருக்கவில்லை. முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள் போதுமானதாக இருந்தன. 1993ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஐந்து பெரிய எடைக் குறைப்பு நிறுவனங்கள் ஆதாரமின்றி விளம்பரம் செய்வதாகக் குற்றம் சாட்டியது. மூன்று நிறுவனங்கள் உடனே சமரசம் செய்துகொண்டன. வெயிட் வாட்சர்ஸும் ஜென்னி கிரெய்கும் 1997 வரை வழக்காடிப் பின் பணிந்தன. எடைக் குறைவு பலருக்குத் தற்காலிகமானதே என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது.

அதன் பிறகே நல்ல ஆய்வுகள் வந்தன. 2003ல் வெளியான ஓர் ஆய்வில் 423 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வெயிட் வாட்சர்ஸ் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்குத் தாமே செய்துகொள்ளச் சிறிது அறிவுரை மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் முதல் பிரிவில் சராசரியாக 4.3 கிலோவும் இரண்டாம் பிரிவில் 1.3 கிலோவும் குறைந்தன. இரண்டாம் ஆண்டின் முடிவில் அது 2.9 கிலோவாகவும் 0.2 கிலோவாகவும் சுருங்கியது. 2005ல் 160 பேரை நான்கு வகைப் புகழ்பெற்ற உணவு முறைகளுக்குப் பிரித்த ஆய்வில், ஓராண்டு முடிவில் நான்குமே 2 முதல் 3.3 கிலோ வரைதான் குறைத்தன. எந்த உணவு முறை என்பது பெரிதாகப் பொருட்படவில்லை, விடாமல் பின்பற்றினார்களா என்பதே கணக்கை முடிவு செய்தது.

2015ல் 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில், ஒப்பீட்டுப் பிரிவினரைவிட வெயிட் வாட்சர்ஸ் உறுப்பினர்கள் 2.6 விழுக்காடும் ஜென்னி கிரெய்க் உறுப்பினர்கள் 4.9 விழுக்காடும் கூடுதலாகக் குறைத்திருந்தனர். 80 கிலோ எடையுள்ளவருக்கு இது முறையே 2 கிலோ, 4 கிலோ. பெரும்பாலான மற்ற நிறுவனங்களிடம் காட்டுவதற்கு ஓராண்டுக் கணக்கே இல்லை.

பணக் கணக்கையும் ஒருவர் போட்டுப் பார்த்தார். எரிக் ஃபின்கெல்ஸ்டீன் குழு 2014ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கிலோ குறைக்க ஆன சராசரிச் செலவு வெயிட் வாட்சர்ஸ் வழியில் 155 டாலர், ஆர்லிஸ்டாட் மாத்திரை வழியில் 546 டாலர். விலை கூடினால் பலன் கூடும் என்ற நம் சந்தை அறிவு இங்கே செல்லவில்லை. கூட்டம் கூடி எடை பார்ப்பதே மலிவானதாக இருந்தது.

இரண்டு கிலோவா, நான்கு கிலோவா, இதற்கா இவ்வளவு என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவக் கண்ணில் அது அற்பமல்ல. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் சராசரியாக 5.6 கிலோ குறைத்த பிரிவினருக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. கண்ணாடியில் தெரியாத குறைவு இரத்தத்தில் தெரிகிறது. விளம்பரங்கள் விற்பதோ கண்ணாடியில் தெரிவதை.

இந்தியாவுக்கு வந்த விதம்

1989ல் வந்தனா லூத்ரா டெல்லியில் தொடங்கிய விஎல்சிசி, அழகு நிலையத்தையும் எடைக் குறைப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. தாராளமயத்துக்குப் பின் வந்த நடுத்தர வர்க்கத்துக்கு அது பொருந்தியது. பெருநகரங்களில் மையங்கள் பெருகின. லூத்ராவுக்கு 2013ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஹெர்பலைஃப் 1999ல் இந்தியா வந்தது. 2012ல் பெங்களூருவில் ஹெல்திஃபைமீ செயலி தொடங்கியது.

தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு முதலில் வந்தது தொலைக்காட்சி. நள்ளிரவுக்குப் பிறகும் மதிய நேரத்திலும் வெள்ளைக்காரர்கள் உதடசைக்கத் தமிழ்க்குரல் பேசிய விற்பனை நிகழ்ச்சிகளைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இடுப்பில் சுற்றிக்கொண்டால் கொழுப்பு உருகும் என்ற சோனா பெல்ட் அதில் நாயகன். உருகியது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பி வந்துவிடும். எங்கள் பகுதி மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் பெல்ட் எதுவும் கட்டாமலே நாள்தோறும் அவ்வளவு வியர்வை சிந்துகிறார்கள்.

பிறகு வந்தது காலை ஷேக். வாடகைக்கு எடுத்த சிறு அறை, சுவரில் படங்கள், உடலில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று காட்டும் தராசு, காலையில் ஒரு குவளை பானம். மெக்சிகோவில் ஹெர்பலைஃப் விற்பனையாளர்கள் உருவாக்கிய 'நியூட்ரிஷன் கிளப்' முறையின் சாயல் இதில் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு சிறப்பு, உறுப்பினராக வருபவரே சில மாதங்களில் விற்பனையாளராக அழைக்கப்படுவது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2016ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஹெர்பலைஃப் 20 கோடி டாலர் கொடுத்தது. விற்பனையாளராகச் சேர்ந்து பணத்தை இழந்த ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேருக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தியாவில் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு முறையைத் தடை செய்கின்றன. சங்கிலியில் ஆள் பிடிக்கச் சொல்லும் எவரிடமும், அது எந்த நிறுவனமாக இருந்தாலும், எடை குறையப் போகிறதா வருமானம் வரப் போகிறதா என்று முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டால் எழுந்து வந்துவிடலாம்.

தமிழில் இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வும் உண்டு. முகநூலில் 'ஆரோக்கியம் நல்வாழ்வு' குழுவின் வழியாக, நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவரும் நண்பர்களும் பேலியோ உணவு முறையைக் கட்டணமின்றிப் பரப்பினார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அரிசியை விட்டு முட்டைக்கும் பாதாமுக்கும் மாறிப் பார்த்தார்கள். பேண்டிங் சொன்ன மாவுச்சத்துக் குறைப்பே வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம். இதன் நீண்டகால விளைவு பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக்கூடாது. ஆனால் பட்டியலும் குழுவும் இலவசமாகவே கிடைக்கும் என்பதை அது நிறுவிவிட்டது.

முதல் வாரத்து மாயம்

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஓய்வுபெற்ற பணத்தில் மதுரையில் ஒரு மையத்தில் மூன்று மாதப் பேக்கேஜ் எடுத்தார். ஒவ்வொரு முறையும் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் பேருந்து. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததும் எல்லோருக்கும் சொல்லி மகிழ்ந்தார். மூன்றாம் மாதம் தராசு முள் அசைய மறுத்தது. மையத்தினர் இன்னொரு பேக்கேஜைப் பரிந்துரைத்தார்கள். அவர் முயற்சியில் குறையில்லை. உடலின் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் சட்டென்று குறைத்தால் இந்தச் சேமிப்பு முதலில் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுவே. கொழுப்பு மெதுவாகத்தான் குறையும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் உள்ளது. ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். அப்படியானால் 600 கிராம் கொழுப்பை நடந்து கரைக்க 18 மணி நேரம் நடக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்குதான். விளம்பரத்தைப் படிக்கும்போது போட்டுப் பார்ப்பவர் குறைவு.

600 கிராம் என்ற எண்ணைக் காரணமாகத்தான் எடுத்தேன். ஒரே அமர்வில் 600 கிராம் வரையிலும் 7 சென்டிமீட்டர் வரையிலும் குறையும் என்று குளிரூட்டிக் கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சைக்கு விஎல்சிசி விளம்பரம் செய்தது. அந்த இயந்திரத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒப்புதல், உடலின் குறிப்பிட்ட சில இடங்களில் திரண்டிருக்கும் கொழுப்பைக் குறைப்பதற்கே. எடையைக் குறைப்பதற்கு அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ல் அந்நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

சென்னை சொன்ன விடை

பருமன் என்பது இனி பணக்கார நோய் அல்ல என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015–16) தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடை உடையவர்கள். ஐந்தாம் சுற்றில் (2019–21) அது 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தது 37 ஆயிற்று. அதே ஐந்தாம் சுற்றில் எடை குறைந்த பெண்கள் 12.6 விழுக்காடு. பஞ்சம் பார்த்த மாநிலத்தில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருப்பது பெரிய செய்தி. ரேஷன் அரிசி, பள்ளியில் சத்துணவு என்று நாம் பசியை வென்ற விதம் பெருமைக்குரியது. அந்த வெற்றியோடு மோட்டார் சைக்கிளும் எண்ணெய்ப் பலகாரமும் சேர்ந்துகொண்டன.

இந்தச் சூழலில் சென்னையில் நடந்த மூன்று ஆய்வுகள் விளம்பரத்தைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியவை. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரிடம் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது. 2006ல் முடிவு வெளியானது. உணவு, நடை பற்றிய அறிவுரை பெற்ற பிரிவில் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவென்றால் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. அதே குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அவ்வளவுதான், குறுஞ்செய்தி. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. மூன்றாவது, மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் 578 பேரிடம் நடத்திய ஆய்வு, 2016ல் வெளியானது. வாரந்தோறும் குழு வகுப்பு, தேவைப்பட்டவர்களுக்கு மலிவான மெட்ஃபார்மின் மாத்திரை என்ற முறையில் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு 32 விழுக்காடு குறைந்தது.

தராசு முள் நகராவிட்டாலும் நோய் தள்ளிப் போகும் என்ற இந்த உண்மையை எந்த எடைக் குறைப்பு நிறுவனமும் விளம்பரம் செய்ய முடியாது. செய்தால் வாடிக்கையாளர் தராசைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

ஆகவே பணம் கட்டலாமா என்றால், விலை குறைவாக இருந்து, வாரந்தோறும் கூடி எடை எழுதும் குழுவாக இருந்து, வழக்கமான வீட்டு உணவையே அளந்து உண்ணச் சொன்னால், வீட்டில் துணையில்லாதவருக்கு அந்தக் கட்டணம் வீணல்ல என்பேன். கட்டிய பணத்துக்காகவாவது சிலர் நடப்பார்கள். அமர்வுக் கணக்கில் அங்குலம் குறைப்பதாகச் சொல்லி மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்டால் கட்ட வேண்டாம். சாயல்குடியில் இருப்பவருக்கு முதல் வகையைப் பணமின்றியே அமைத்துக்கொள்ள வழியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் திட்டம் 2023 நவம்பரில் வந்தது. கடலோரத்தில் நடக்க எட்டு கிலோமீட்டர் தேடவேண்டியதில்லை. நான்கு பேர், ஒரு தராசு, ஒரு நோட்டு. நிடெட்ச் தொடங்கியதும் இவ்வளவோடுதான்.

ஊசியும் திவாலும்

அண்மை ஆண்டுகளில் களமே மாறிவிட்டது. செமாகுளுடைடு ஊசி 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்ததாக 1,961 பேரிடம் நடந்த ஆய்வு 2021ல் காட்டியது. எந்தக் கூட்டமும் பொட்டலமும் இவ்வளவு செய்ததில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இந்தியாவில் 2025 மார்ச்சில் டிர்செபடைடும் ஜூனில் செமாகுளுடைடின் எடைக் குறைப்பு வடிவமும் விற்பனைக்கு வந்தன. அறிமுகமானபோது பின்னதன் தொடக்க விலை மாதத்துக்குப் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்துகள் இவை. ஜென்னி கிரெய்க் 2023ல் அமெரிக்காவில் கடையை மூடியது. வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரி மனு செய்தது.

ஏமாந்தவர்களுக்குச் சட்டம்

பலருக்கும் தெரியாத ஒன்று, மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954ன் அட்டவணையில் புற்றுநோய், தொழுநோய், வலிப்பு ஆகியவற்றோடு உடல் பருமனும் இருக்கிறது. பருமனைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது ஏழு பதிற்றாண்டுகளாகவே குற்றம். பேருந்து நிலையத் தூண்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகள் பலவும் இச்சட்டத்தின் பிடிக்குள் வருபவை.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடலாம். வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் மதுரையிலோ சென்னையிலோ பணம் கட்டியவரும் இராமநாதபுரத்தில் வழக்கிடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பணம் கட்டிய ரசீது, கையெழுத்திட்ட படிவம், விளம்பரத்தின் படம், மையத்தில் எடை எழுதிக்கொடுத்த அட்டை ஆகியவற்றை எடுத்து வைத்திருக்க வேண்டும். அட்டையை மையத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும்.